ஹால்ல ஒரு சமையக்கட்டும், டோக்கியோ ஃபுமிகோவும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். ஆனா நிஜக் காரணம் வேற. எங்க வீட்டு சமையக்கட்டை இடிச்சுப் போட்டுட்டோம்.

பழைய ஃப்ளாட். சிங்க்குக்குக் கீழ ஒழுக்கு, கடப்பாக்கல் மேடையில விரிசல், பரண் கதவு கையோட வருது. "ரெண்டே வாரம் தம்பி, முடிச்சுக் குடுத்துர்றேன்"னு மேஸ்திரி சொன்னாரு. இது நாலாவது வாரம். சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் மட்டும்தான் இப்படி இழுக்கும்னு இத்தனை நாள் நெனச்சுட்டு இருந்தேன்.

கேஸ் அடுப்பைக் கழட்டி ஓரங்கட்டியாச்சு. ஹால்ல டீப்பாய் மேல ரைஸ் குக்கர், பக்கத்துல இண்டக்ஷன் அடுப்பு, டிவி ஸ்டாண்டுல மிக்ஸி. பாத்திரம் கழுவறது பாத்ரூம்ல. இதான் எங்க புது சமையக்கட்டு.

முதல் நாளே எம்சிபி ட்ரிப் ஆச்சு. அப்பதான் பொறியாளர் மூளை முழிச்சுது. ஹால்ல இருக்கறது 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டால பெருக்கினா 1380 வாட். இண்டக்ஷன் ஒண்ணே 2000 வாட் கேக்கும். ரைஸ் குக்கர் 700. ஆக இண்டக்ஷனை ஏசிக்கு வெச்ச 16 ஆம்பியர் பிளக் பக்கம் நகர்த்தி, ஒரு நேரத்துல ஒரு சாமான்தான்னு சட்டம் போட்டேன். அம்மா சிரிச்சுட்டு, "அடுப்பு ஒண்ணே ஒண்ணு இருந்த வீட்டுல பதினோரு பேருக்கு சமைச்சவடா நான்"னாங்க.

ரெண்டாவது நாள் "நீ உக்காரும்மா, நான் வெக்கறேன்"னு வீரமா கிளம்பினேன். குக்கர் பாத்திரத்துக்குள்ள கோடு போட்டிருக்கே, அது வரைக்கும் தண்ணி ஊத்தி பட்டனைத் தட்டினேன். வந்தது சாதம் இல்ல, ஜல்லி. அம்மா ஒரு பருக்கையை நசுக்கிப் பாத்துட்டு சொன்னாங்க: "இது புழுங்கரிசிடா. அதுலயும் பழசு. தண்ணி இன்னும் குடிக்கும்."

ஆட்டோமேட்டிக்னு எழுதியிருக்கே, அப்புறம் எதுக்கு நான் யோசிக்கணும்? இந்தக் கேள்வியோட அன்னிக்கு ராத்திரி ரைஸ் குக்கரோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா டோக்கியோவுல ஒரு அம்மா நிக்கறாங்க. அவங்களைப் பத்திதான் இந்தப் பதிவு.

ஜப்பான்லயும் ஒரு காலத்துல சோறுன்னா விறகடுப்புதான். அவங்க அதை கமாதோன்னு சொல்வாங்க. கனமான பானை, பக்கத்துலயே ஒருத்தர் உக்காந்து தீயைப் பாத்துக்கணும். முதல்ல சின்னத் தீ, நடுவுல பெருந்தீ, குழந்தையே அழுதாலும் மூடியைத் திறக்காதேன்னு ஒரு சொலவடையே இருக்கு. அதாவது, வீட்டுப் பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடியே எந்திரிக்கணும்.

இதுக்கு மின்சாரத்துல வழி கண்டுபிடிக்க நிறைய பேர் முயற்சி பண்ணாங்க. பின்னாடி சோனின்னு உலகமே கொண்டாடின கம்பெனி, போர் முடிஞ்ச கையோட மொதல்ல செஞ்சு பாத்தது என்ன தெரியுமா? ஒரு மரத்தொட்டி, அதோட அடியில அலுமினியத் தகடு, அதுல கரண்ட். சோறு ஒரு நாள் குழையும், ஒரு நாள் வேகாது. அரிசி மாறினா, தண்ணி மாறினா அவ்ளோதான். தோல்வி. (ஜல்லி சாதம் வெச்சதுல நான் தனி ஆள் இல்ல, மனசுக்கு ஒரு ஆறுதல்!)

1950கள்ல டோஷிபாவுல ஷோகோ யமாதான்னு ஒருத்தர். துணி துவைக்கிற மிஷினை விக்க ஊர் ஊராப் போனப்போ பொம்பளைங்க அவர்கிட்ட, "துவைக்கிறதை விட மூணு வேளை சோறு வடிக்கறதுதான்யா கஷ்டம்"னு சொன்னாங்களாம். அவர் இந்த யோசனையை யோஷிதாதா மினாமிங்கற ஒரு சின்னப் பட்டறைக்காரர்கிட்ட கொண்டு போனாரு. டோஷிபாவுக்கு வாட்டர் ஹீட்டர் மாதிரி சாமான் செஞ்சு குடுத்துட்டு இருந்தவரு. மனுஷனுக்கு ஹீட்டர் தெரியும், சோறு வடிக்கத் தெரியாது.

தெரிஞ்சவங்க யாரு? அவரோட மனைவி ஃபுமிகோ.

ஒரு பக்கம் குழந்தைங்க, வீட்டு வேலை. இன்னொரு பக்கம் விதவிதமான பானை, தெர்மாமீட்டர், நோட்டு. எத்தனை தண்ணிக்கு எத்தனை நிமிஷம், எந்தச் சூடுன்னு மாத்தி மாத்தி வடிச்சுக் குறிச்சு வெச்சாங்க. வெயில்ல வெச்சுப் பாத்தாங்க, குளிர்ல வெளிய வெச்சுப் பாத்தாங்க. கிட்டத்தட்ட மூணு வருஷம்! நம்ம பாஷையில சொன்னா, அந்த ப்ராஜெக்ட்டோட மொத்த டெஸ்டிங் டீமும் அந்த ஒரு அம்மாதான்.

அதுல கிடைச்ச விடை இதுதான். தண்ணி கொதிக்க ஆரம்பிச்சதும் கிட்டத்தட்ட 98 டிகிரியில 20 நிமிஷம். அப்போ தீயை நிறுத்தினா சோறு சரியா வரும். ஆனா 20 நிமிஷம் ஆச்சுன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல சிப்பா, கோடா? ஒண்ணும் கிடையாது. உள்பானையில அரிசியும் தண்ணியும். அதைச் சுத்தி இருக்கற வெளிப்பானையில ஒரு டம்ளர் தண்ணி. அந்த டம்ளர் தண்ணி ஆவியா தீர்றதுக்கு ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும். தண்ணி இருக்கற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தீந்ததும் சட்டுன்னு ஏறும். ரெண்டு வகை உலோகத்தை ஒட்டின ஒரு தகடு அந்தச் சூட்டுல வளைஞ்சு சுவிட்சை அணைச்சுரும். வெளிக்குளிர் உள்ள போகாம இருக்க மொத்தம் மூணு அடுக்கு. ஒரு டம்ளர் தண்ணியை கடிகாரமா மாத்தின அந்த யோசனையைப் படிச்சப்போ எந்திரிச்சு நின்னு கை தட்டணும்போல இருந்துச்சு.

1955 டிசம்பர்ல கடைக்கு வந்துச்சு. விலை 3,200 யென். அப்போ காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்றவரோட மாசச் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. மொதல்ல போட்டது 700தான். யாரும் சீந்தல. யமாதா கரண்ட் கம்பெனிக்காரங்களோட கிராமம் கிராமமா போயி, டைமர் வெச்சு சோறு வடிச்சுக் காட்டினாரு. ராத்திரி அரிசி போட்டுட்டு தூங்கலாம், காலையில சோறு தயார். அப்புறம் நடந்தது சரித்திரம். சில வருஷத்துலயே ஜப்பான் வீடுகள்ல பாதிக்குப் பாதி அது போயிருச்சு.

இன்னிக்கு நம்ம வீட்டு சாதா குக்கர்ல வெளித்தண்ணி கிடையாது. பாத்திரத்துக்கு அடியில ஒரு காந்தம் இருக்கு. 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினதும் அதைப் பிடிச்சுட்டு இருக்கற உலோகம் காந்தத் தன்மையை இழக்கும், ஸ்பிரிங் தள்ளி விடும், 'டொக்'. வழி மாறிடுச்சு, தத்துவம் அதேதான்: தண்ணி தீந்தா சூடு ஏறும். ஆக மிஷினுக்குத் தெரிஞ்சது தண்ணி தீந்ததா இல்லையாங்கறது மட்டும்தான். புழுங்கலா பச்சையா, புதுசா பழசான்னு தெரிஞ்சு தண்ணி ஊத்த வேண்டியது இன்னும் நம்ம வேலை. என் ஜல்லி சாதத்துக்குக் காரணம் கிடைச்சுருச்சு.

இன்னொரு ஆச்சரியம். அதே 1955லதான் நம்ம கோயம்புத்தூர்ல சபாபதிங்கறவர் வெட் கிரைண்டரை உருவாக்கினதா சொல்றாங்க. ஆட்டுக்கல்லுல குழவி சுத்தும், கல்லு நிக்கும். கிரைண்டர்ல தலைகீழ். குழவி நிக்கும், அடிக்கல்லு சுத்தும். அம்மாவோட இன்னொரு கை மாவைத் தள்ளி விடுமே, அந்தக் கைக்குப் பதில் ஒரு பலகை.

மிக்ஸி கதை இன்னும் நெருக்கம். மாதுரி மாத்தூர்னு மும்பையில ஒரு அம்மா. வெளிநாட்டு மிக்ஸர் ஒண்ணு வெச்சிருந்தாங்க. கேக் மாவு கலக்கறதுக்குன்னு செஞ்ச மோட்டார் நம்ம ஊர் அரைவைக்குத் தாங்குமா? எரிஞ்சு போச்சு. ரிப்பேர் பண்ண வழியில்ல. கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் இன்ஜினியர். அவரை உசுப்பி விட்டு, மஞ்சளும் ஊறின பருப்பும் அரைக்கற மாதிரி ஒண்ணு செய்ய வெச்சாங்க. 1963ல கம்பெனி தொடங்கினாங்க. அதான் சுமீத். நம்மள்ல பாதிப் பேரு வீட்டுல பாட்டி காலத்து சுமீத் பரண்ல இருக்கும்.

இந்தக் கதைகளைப் படிச்சுட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹால்ல உக்காந்திருந்தேன். ரைஸ் குக்கர், மிக்ஸி ரெண்டுலயும் ஒரே விஷயம். கஷ்டம் என்னன்னு சொன்னதும், சரியா வருதான்னு சோதிச்சுப் பாத்ததும் அடுப்பு முன்னாடி நின்னவங்க. அவங்களைக் கேட்டதாலதான் அந்த மிஷின் நின்னுச்சு. கேக்காம இருந்திருந்தா இன்னொரு மரத்தொட்டி ஆகியிருக்கும்.

அப்பதான் சுருக்குன்னு ஒண்ணு குத்துச்சு.

புது மேடை எவ்ளோ உயரம்னு மேஸ்திரி கேட்டப்போ, "34 இஞ்ச், அதான் ஸ்டாண்டர்டு"ன்னு நெட்ல பாத்து சொன்னது நான். மாடுலர் படம் வரைஞ்சது நான். டைல்ஸ் கலர் அப்பா. அம்மாவை ஒரு வார்த்தை யாரும் கேக்கல.

காலையில காப்பி குடிக்கறப்போ கேட்டேன். "அம்மா, பழைய மேடை உயரம் உனக்கு சரியா இருந்துச்சா?"

"ஏன், நான் மணை போட்டு நிப்பேனே, பாத்ததில்லையா?"

பாத்திருக்கேன். பெரிய குண்டானைக் கிளறும்போதெல்லாம் காலுக்குக் கீழ ஒரு மணை இருக்கும்.

"தரை ஜில்லுன்னு இருக்குன்னு நிக்கறேன்னு நெனச்சேன்மா."

"எட்டாதுடா. தோள் வலிக்கும். அதான்."

அம்மா நாலடி பத்து அங்குலம். நான் பொறந்ததுலேர்ந்து அந்த மணையைப் பாத்துட்டு இருக்கேன். ஒரு தடவை கூட ஏன்னு கேட்டதில்ல.

செங்கல் கட்டியாச்சு, நல்லவேளை கிரானைட் இன்னும் ஏறல. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அம்மாவை நிக்க வெச்சு, முழங்கையை மடக்கச் சொல்லி, டேப்பால அளந்தாரு. "ஒரு வரிசை கல்லை எடுத்தா மூணு இஞ்ச் குறையும் தம்பி. இன்னும் ரெண்டு நாளாகும், கூலி தனி"ன்னாரு. ஆகட்டும்னேன். அம்மா, "எதுக்குடா வீண் செலவு"ன்னாங்க. ஆனா அளந்து முடிச்சப்புறமும் கொஞ்ச நேரம் அந்தச் சுவர் பக்கத்துலயே நின்னு, கையை வெச்சு வெச்சுப் பாத்துட்டு இருந்தாங்க.

ஆக அஞ்சாவது வாரமும் ஹால் சமையல்தான்.

டிஸ்கி 1: இண்டக்ஷன்ல ஈயச் சொம்பை வெச்சா 'நீ யாரு'ன்னு கேக்குது. ரசத்தை எவர்சில்வர்ல வெச்சு, கடைசியில சொம்புக்கு மாத்தறோம். வேற வழி தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி 2: உங்க வீட்டுல மேடை உயரம் யார் முடிவு பண்ணது? இன்னிக்குப் போய் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.