மந்தம் என்றொரு சொல்



வேதியியலில் படித்த 'மந்த வாயு' நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தில் 'இனெர்ட்' என்பார்கள். லத்தீன் மொழியில் 'இன்' என்றால் இல்லாத; 'ஆர்ஸ்' என்றால் கலை, கைத்திறன். ஆக, முதற்பொருள் 'திறன் இல்லாத' என்பதே; 'செயலற்ற' என்பது பின்னால் வந்தது.

1894-இல் ராலேயும் ராம்சேயும் கண்டுபிடித்த வாயுவுக்கு, 'சோம்பேறி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஆர்கான்' என்று பெயர் வைத்தார்கள். இந்த வாயுக் குடும்பம் எதோடும் சேராது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1962-இல் நீல் பார்ட்லெட், அதே குடும்பத்துச் செனானைச் சேர்மமாக்கிக் காட்டினார். தக்க துணை கிடைத்ததும் 'மந்தம்' வினைபுரிந்தது!

நம் ராயகிரிப் பக்கம் வயிற்றுக்கும் மந்தம், படிப்பு ஏறாத பிள்ளைக்கும் மந்தம். உங்களில் பலர் இன்று பெற்றோர், ஆசிரியர். பிள்ளையை அப்படிச் சொல்லுமுன் அந்த லத்தீன் வேரை நினையுங்கள். கற்றுத்தராத திறனுக்குப் பிள்ளை எப்படிப் பொறுப்பாகும்?