கழுத்தில் தொங்கும் வடிகட்டி

1980-களின் நடுவில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் 21 நாடுகளில், ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் பேரை நரம்புச் சிலந்தி என்ற புழுநோய் முடக்கிப்போட்டது. குட்டைத் தண்ணீரில் துள்ளித் திரியும் சைக்ளாப்ஸ் என்ற நீர்த்தெள்ளுதான் இந்தப் புழுவின் குஞ்சுகளைச் சுமக்கிறது. தண்ணீரோடு விழுங்கினால் தெள்ளு வயிற்றிலேயே செத்துவிடும், புழுக்குஞ்சு சாகாது. ஓராண்டு போல உடம்புக்குள் வளர்ந்து, ஒரு மீட்டர் வரை நீண்டு, பெரும்பாலும் காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலைநீட்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் குட்டையில் நனைப்பார். புழுவுக்கு வேண்டியதும் அதுதான். லட்சக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் கொட்டிவிடும். குச்சியில் சுற்றி நாளுக்குச் சில சென்டிமீட்டராக இழுத்தெடுப்பதே வைத்தியம். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

ஆனால் அந்தத் தெள்ளு நெருக்கமாக நெய்த துணியைத் தாண்டாது. வடிகட்டியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1988-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கானா நாட்டுக் கிராமங்களுக்குப் போனார். ஒரு பெண் கைக்குழந்தையை அணைத்து நிற்பதாக நினைத்து அருகில் சென்றவர், அவள் ஏந்தியிருந்தது புழு வெளிவந்துகொண்டிருந்த, வீங்கிய தன் மார்பகத்தை என்று கண்டார். அதைப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். துணியால் வடிகட்டினால் போதும் என்பது தெரிந்ததுதான். ஆனால் சாதாரணத் துணி அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் சீக்கிரமே இற்றுப்போயிற்று. டூபாண்ட் நிறுவனத்தில் பெரும்பங்கு வைத்திருந்த தொழிலதிபர் எட்கர் பிரான்ஃப்மனிடம் கார்ட்டர் பேசினார். டூபாண்ட் இற்றுப்போகாத ஒற்றையிழை நைலான் கொடுத்தது. பிரிசிஷன் ஃபேப்ரிக்ஸ் என்ற நிறுவனம் அதைத் துணியாக நெய்து கொடுத்தது. பானை வாயில் கட்டி ஊற்ற வேண்டியதுதான்.

வேலை சுலபம், கவனம் தப்பினால் வீண். துணியை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் மேலே இருக்கும்படிதான் கட்ட வேண்டும். புரட்டிக் கட்டினால் நேற்று சிக்கிய தெள்ளு இன்று பானைக்குள் போய்விடும். சின்னக் கிழிசல் விழுந்தாலும் வேறு துணி மாற்ற வேண்டும். ஊர் ஊராகப் போய் இதைத் திரும்பத் திரும்பச் சொன்ன தன்னார்வலர்களுக்கே முதல் மரியாதை என்பேன்.

வீட்டுப் பானைக்குத் துணி சரி. மாடு மேய்ப்பவரும் வயலுக்குப் போகிறவரும் வழியில் குட்டையைக் கண்டால் குனிந்து குடிப்பார்கள். அவர்களுக்காக வந்தது குழாய் வடிகட்டி: விரல்நீளத்தைவிடச் சற்றே கூடுதலான பிளாஸ்டிக் குழல், ஒரு முனையில் சல்லடை, கழுத்தில் மாட்ட ஒரு கயிறு. உள்நாட்டுப் போர் நடந்த சூடானில் அகதிகளும் நாடோடிகளும் பானையைத் தூக்கிக்கொண்டா ஓடுவார்கள்? அங்கே 2001-இல் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட குழல்கள் விநியோகிக்கப்பட்டன.

ஒன்றை மறைக்கக்கூடாது: இந்தச் சல்லடை தெள்ளைத்தான் நிறுத்தும், காலராக் கிருமி தாராளமாகப் புகுந்துவிடும். ஜிம்மி கார்ட்டர் நிறுவிய கார்ட்டர் மையத்துக்கு இந்தக் குழாய்களைச் செய்துகொடுத்த வெஸ்டர்கார்ட் நிறுவனம், பாக்டீரியாவையும் தடுக்கும் லைஃப்ஸ்ட்ராவை 2005-இல் கொண்டுவந்தது. இன்று மலையேறுபவர்கள் பையில் வைத்திருக்கும் அந்தக் குழலுக்கு முன்னோடி சூடான் மேய்ப்பர்களின் கழுத்தில் தொங்கியதுதான்.

இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் பதிவானார். 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்கு விடுதலைச் சான்று தந்தது. உலகம் முழுவதும் 2023-இல் நோய் கண்டவர்கள் 14 பேர். மீதியிருக்கும் தலைவலி சாட் நாட்டின் நாய்கள்: அவற்றுக்கும் இந்தப் புழு தொற்றுகிறது, அவற்றின் கழுத்தில் எந்த வடிகட்டியையும் மாட்ட முடியாது. ஆகவே அங்கே நாய்களைக் கட்டிப்போடுகிறார்கள், அவை தின்றுவிடாதபடி மீன் குடலைப் புதைக்கிறார்கள், குட்டைகளில் மருந்து தெளிக்கிறார்கள்.