பட்டியலில் நின்ற பெயர்கள்

கணிப்பொறி தன் எஜமானன் கடைசியாகத் திறந்து பார்த்த கோப்புகளின் பெயர்களைத் தானாகவே குறித்துவைத்துக்கொள்ளும் வழக்கம், ஆரம்பத்தில் ஞாபகமறதிக்காரர்களுக்குச் செய்த சிறு உபகாரமாகவே தோன்றியது. அந்நாளைய மைக்ரோசாப்ட் வேர்டில் ‘ஃபைல்’ மெனுவை இறக்கினால் அதன் அடிப்பாகத்தில், அடிக்கோடிட்ட எண்களோடு நான்கு கோப்புகளின் பெயர்கள் நிற்கும். வேண்டியதன் எண்ணை அழுத்தியதும் நேற்றுப் பாதியில் விட்ட கடிதம் கண்முன் வந்துவிடும். நான்கு போதாதென்பவர் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒன்பது வரை உயர்த்திக்கொள்ளலாம். ஒரே விசையால் அழைப்பதற்கு ஒற்றை இலக்கமே சௌகரியம் என்று கருதினார்களோ என்னவோ, அதற்குமேல் வெகுகாலம் இடங்கொடுக்கவில்லை.

1994-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட சிஸ்டம் 7.5 இந்த விஷயத்தில் பெருந்தன்மை காட்டியது. ஆவணங்கள் இத்தனை, நிரல்கள் இத்தனை, சர்வர்கள் இத்தனை என்று உபயோகிப்பவரே தனித்தனிக் கட்டங்களில் எண்ணை எழுதிவைக்கலாம். மறுவருஷம் ஆகஸ்டு 24-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 95-ஓ, ‘ஸ்டார்ட்’ பொத்தானின்கீழ் ‘டாக்குமெண்ட்ஸ்’ என்றொரு பட்டியலை வைத்து, பல நிரல்களில் திறந்த கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கடைசிப் பதினைந்தின் பெயர்களை அங்கே அடுக்கியது. அந்தப் பதினைந்தைக் கூட்டவோ குறைக்கவோ அமைப்புப் பக்கத்தில் வழி வைக்கவில்லை.

ஒரு கணிப்பொறி ஒருவருக்கே சொந்தம் என்ற அனுமானத்தின்மேல் எழுந்த ஏற்பாடு இது. அலுவலகத்தில் ஒரே பெட்டியை நால்வர் மாறிமாறி உபயோகிக்கையில், முன்னவர் பார்த்த சம்பளக் கணக்கின் பெயரும், ரகசியமாக எழுதிவைத்த ராஜினாமாக் கடிதத்தின் பெயரும் பின்னவர் கண்ணில் பட்டே தீரும் என்பதை அமைத்தவர்கள் அவ்வளவாக யோசித்ததாகத் தெரியவில்லை. கோப்பையே அழித்தாலும் பெயர் பட்டியலில் நிற்கும். ஏனெனில் அங்கிருந்தது கோப்பன்று, அதைச் சுட்டும் ஷார்ட்கட் மாத்திரமே. டாஸ்க்பார் அமைப்பிலிருந்த ‘கிளியர்’ பொத்தானோ பதினைந்தையும் ஒருசேரத் துடைத்துவிடும். வெறுமையான பட்டியலே சந்தேகத்துக்கு இடந்தருமே! ஆகவே விவரம் தெரிந்தவர்கள் விண்டோஸின் உள்ளே ‘ரீசன்ட்’ என்னும் ஃபோல்டரைத் தேடிப்போய், மூலையில் வளைந்த அம்புக்குறி தாங்கிய அந்த ஷார்ட்கட்டுகளுள் உறுத்துகிற ஒன்றை மட்டும் பொறுக்கி அழித்தார்கள். அப்படியும் வேர்டின் சொந்தப் பட்டியல் தனியே இருந்து காட்டிக்கொடுக்கும். அதையும் தனியே கவனிக்க வேண்டும்.

நிர்வாகங்கள் விழித்துக்கொள்ளவும் அதிக காலம் ஆகவில்லை. ஊழியர் வெளியேறும்போதெல்லாம் பட்டியல் தானே அழிந்துபோகும்படி கட்டளையிடும் அதிகாரம் விண்டோஸ் 2000-இல் நிர்வாகிக்கு வாய்த்தது. யந்திரம் எதுவரை நினைவில் வைக்கலாம் என்பதைக் கோப்பைத் திறந்தவரல்லாத இன்னொருவர் தீர்மானித்த அந்த ஏற்பாடு, பாதுகாப்பின் பேரால் வந்தது என்றாலும், நேற்றைய வேலையைத் தேடித் தடுமாறிய குமாஸ்தாவுக்கு உவப்பாக இருந்திராது.

ஆபீஸ் 2007 ஒன்பது என்ற எல்லையை ஐம்பதாக்கியதோடு, பெயரின் பக்கத்தில் ஒரு சிறு குண்டூசிச் சித்திரத்தையும் வைத்தது. அதைச் சொடுக்கிவிட்டால், எத்தனை புதிய கோப்புகள் வந்து நெருக்கினாலும் அந்தப் பெயர் பட்டியலைவிட்டு நீங்காது; மாதந்தோறும் திறக்கும் கணக்கேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சலுகை வேறில்லை என்பது என் அபிப்பிராயம். 2009-இல் வந்த விண்டோஸ் 7, பொதுப் பட்டியலோடு நில்லாமல், ஒவ்வொரு நிரலுக்கும் பத்துப் பெயர் கொண்ட ‘ஜம்ப் லிஸ்ட்’ ஒன்றைக் கொடுத்து, அந்தப் பத்தை மாற்றும் உரிமையையும் உபயோகிப்பவர் கையில் விட்டது. மறைக்க விரும்பும் பெயரொன்றை நீக்க இனி ஃபோல்டருக்குள் புகுந்து தேட வேண்டியதில்லை. மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால், பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று மெனுவே பகிரங்கமாக அனுமதி தந்தது.