பூஞ்சைக் கொழுப்பின் பூர்வோத்தரம்

1955-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்த செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால், 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையையும், மகாசபை கூடிய அதே 1955-இல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையையும் நிறுவிய முருகப்பா குடும்பத்தாரின் பெயர், இரும்போடு யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு நுண்ணுயிர் ஆராய்ச்சியோடும் சேர்ந்து நிற்கிறது என்பதை, சென்னையின் மேற்குப் புறநகரில் வாழ்வோரிலேயே வெகு சிலர்தாம் கவனித்திருப்பர். ஏ. எம். எம். முருகப்ப செட்டியார் பெயரால் தரமணியில் அமைந்த ஆராய்ச்சி மையத்தில், சி. வி. சேஷாத்ரி என்னும் ரசாயனப் பொறியியல் அறிஞர், சுருள்பாசியை எளிய தொட்டிகளில் வளர்க்கும் வித்தையைக் கிராமத்துப் பெண்களுக்கும் எட்டும்படி செய்தார். பின்னர் அக்குழுமத்தைச் சேர்ந்த பாரி கம்பெனி, புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் அதைப் பெரிய அளவில் பயிரிட்டது.

சுருள்பாசியை உலகம் புரதத்துக்காகவே போற்றினாலும், நம் நல்லெண்ணெயிலோ கடலையெண்ணெயிலோ காணக் கிடைக்காததும், தாய்ப்பாலில் சிறிதளவே இருப்பதுமான காமா லினோலெனிக் அமிலம் என்னும் அரிய கொழுப்பமிலமும் அதில் உண்டு. பூஞ்சையிலிருந்து எடுத்துக் கடைக்கு வந்த முதல் எண்ணெயின் பெருமையும் இதே அமிலத்தைப் பற்றியதுதான். எனினும் பூஞ்சையிடம் மனிதன் எண்ணெய் கேட்ட கதை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

முதல் உலக யுத்தத்தில், கடல் வழிகள் அடைபட்டுக் கொழுப்புக்குத் தவித்த ஜெர்மனியில், லிண்ட்னர் என்னும் நிபுணர் எண்டோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, அதன் உடலிலிருந்து கொழுப்பெடுக்க முயன்றார். சர்க்கரையும் தழைச்சத்தும் கலந்த நீரில் முதலில் செழித்து வளரும் இவ்வகைப் பூஞ்சை, தழைச்சத்து தீர்ந்து சர்க்கரை மட்டும் எஞ்சி நிற்கும் வேளையில், மேலும் பெருக வழியின்றி, நல்ல மகசூல் கண்ட ஆண்டில் குதிரில் நெல்லைக் கொட்டிவைக்கும் குடியானவனைப் போல, அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக்கித் தன் செல்களுக்குள் சேமித்துக்கொள்கிறது. உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வாறு சேர்ப்பவற்றையே எண்ணெய்ப் பூஞ்சைகள் என்கிறார்கள். சாஸ்திரம் பழுதற்றதுதான்; ஆனால் வேர்க்கடலையும் சோயாவும் வெயிலையும் மழையையும் கொண்டு மலிவாகச் செய்கிற காரியத்தை, விலை கொடுத்து வாங்கிய சர்க்கரையைக் கொண்டு செய்தால், யுத்த காலம் தவிர வேறெப்போது கட்டும்?

அந்தப் பாடத்தை இங்கிலாந்தின் செல்பி நகரம் சற்று வேறு விதமாகக் கற்றது. ஹல் பல்கலைக்கழகத்தின் காலின் ராட்லெட்ஜ் வழிகாட்ட, ஸ்டர்ஜ் என்னும் கம்பெனி 1985-இல் ம்யூக்கர் பூஞ்சையைப் பெருங்கலன்களில் வளர்த்து, காமா லினோலெனிக் அமிலம் செறிந்த எண்ணெயை விற்கத் தொடங்கியது. ஈவினிங் பிரிம்ரோஸ் என்னும் பூச்செடியின் விதையெண்ணெய் உயர்ந்த விலைக்கு விற்றவரையில் பூஞ்சைக்கும் மதிப்பிருந்தது. போரேஜ் என்னும் மற்றொரு செடியின் விதை, அதே அமிலத்தை மலிவாகத் தரத் தொடங்கியதும், 1990-இல் அந்த உற்பத்தி நின்றுபோயிற்று.

பூஞ்சை நிலைத்தது, எந்த வயலும் போட்டியிட முடியாத இடத்தில்தான். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த மார்ட்டியரெல்லா ஆல்பினா என்னும் பூஞ்சை, மனிதர் பயிரிடும் எண்ணெய் வித்துகளில் இல்லாத அரக்கிடோனிக் அமிலத்தை அபரிமிதமாகச் சேர்த்தது; தாய்ப்பாலில் உள்ள அவ்வமிலம், பூஞ்சை எண்ணெய் ரூபத்தில், 2002-இல் அமெரிக்கக் குழந்தைகளின் பால்மாவில் இடம்பெற்றது.

மரபணு மாற்றம் இந்த வழியிலேயே எடுத்துவைத்த அடுத்த அடி. மீனெண்ணெயில் உள்ள ஐகோசாபென்டீனோயிக் அமிலத்தை மீனும் சுயமாகச் செய்வதில்லை. பாசியிலிருந்து உணவு வழியாகவே பெறுகிறது. அதை உற்பத்தி செய்ய, டூபாண்ட் கம்பெனியார் யாரோவியா என்னும் ஈஸ்ட்டைத் தேர்ந்துகொண்டு, இரட்டைப் பிணைப்பு இரண்டுக்கு மேல் இடத் தெரியாத அதனுள்ளே, மார்ட்டியரெல்லாவிலிருந்தும், யூக்ளினா என்னும் குளத்து நுண்ணுயிரிலிருந்தும், வேறு சில உயிர்களிலிருந்தும் மரபணுக்களை எடுத்துச் சேர்த்தனர். அவற்றுள் இரண்டு நம் விவசாயிகளுக்குப் பழைய பகைவர்களின் கொடை: மிளகாய், தக்காளி நாற்றங்கால்களை அழுகவைக்கும் பித்தியம் ஒன்று, நெற்பயிரை நோய்ப்படுத்தும் புசேரியம் மற்றொன்று. பருத்தி வாடல் நோயை உண்டாக்கும் புசேரியத்தின் விஷத் தன்மையைச் சென்ற நூற்றாண்டின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி. எஸ். சதாசிவனும் அவர் மாணாக்கரும் பொறுமையாக ஆராய்ந்தபோது, அந்தப் பேரினத்தில் ஒன்று நாளை மீனெண்ணெய்க்கு மாற்றுச் செய்ய உதவும் என்று எவர்தாம் கருதியிருப்பர்? இங்ஙனம் அமைந்த ஈஸ்ட்டின் கொழுப்பமிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த ஒரே அமிலமாயின என்பது 2013-இல் வெளியான ஆய்வின் முடிவு.

நம் தேசத்திலும் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ம்யூக்கரிலும் மார்ட்டியரெல்லாவிலும் தமக்கென இனங்களைத் தேர்ந்து, இத்தகைய அமிலங்களின் அளவைப் பெருக்க முயன்றிருக்கிறார்கள். அவர்கள் நாடியதும் அரிய கொழுப்பையேயன்றித் தாளிக்கும் எண்ணெயை அன்று. ஆகையால் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்து மரச்செக்குக்காரர் இந்தப் பூஞ்சையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அடுக்களையின் எண்ணெய்ப் பஞ்சத்தை இதுவே தீர்த்துவிடும் என்று எவரேனும் உற்சாகமாகச் சொன்னால், செல்பியின் வரவு செலவுக் கணக்கை ஒரு முறை நினைத்துப் பார்க்கும்படி அவருக்குச் சொல்லலாம்.