எஜமானரைக் கேலி செய்த பூனைகள்

வீட்டுப் பூனை கதை சொன்னால் யார் மானம் போகும்? வளர்ப்பவர் மானம்தான்!

ஜெர்மனியில் ஹாஃப்மன் 1819-இல் எழுதிய நாவலில், முர் என்ற பூனை எஜமானரின் புத்தகத்தைக் கிழித்து, அந்தத் தாள்களை அடித்தாளாகவும் மை ஒற்றும் தாளாகவும் வைத்துக்கொண்டு தன் சுயசரிதையை எழுதுகிறது. ஜப்பானில் நட்சுமே சொசெகி 1905-இல் பெயரில்லாத பூனை ஒன்றின் வாயால் ஒரு வாத்தியாரைக் கிண்டலடித்தார். அந்த வாத்தியார் சொசெகியின் சாயல்தான். நம் நாட்டில் நீலாஞ்சனா ராய் 2012-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி வைல்டிங்ஸ்' நாவலில், டில்லி நிஜாமுதீன் பூனைகளுக்கு மனிதர்கள் வெறும் 'பெரும்பாதங்கள்'!

இத்தனை கேலிக்கும் அடியில் பாசம் இருந்தது. ஹாஃப்மன் வளர்த்த நிஜ முர் 1821-இலும், சொசெகியின் பூனை 1908-இலும் இறந்தன. இருவருமே நண்பர்களுக்கு மரண அறிவிப்பு அனுப்பினார்கள். மானத்தை வாங்கிய பூனைக்குக் கருமாதிப் பத்திரிகை!