ஏரிக்கரை ஊரும் சுவரேறிய வரலாறும்

மணிலாவுக்குக் கிழக்கே, லகுனா டி பே ஏரிக்கரையில் இருக்கிறது அங்கோனோ என்ற மீனவ ஊர். பிலிப்பைன்ஸின் தலைசிறந்த சுவரோவியர் கார்லோஸ் பிரான்சிஸ்கோ 1912-இல் இங்கேதான் பிறந்தார். 1969-இல் இறந்ததும் இங்கேதான். ‘போட்டோங்’ என்ற செல்லப்பெயரால்தான் நாடு அவரை அறியும். பெயரும் புகழும் வந்த பிறகும் அவர் ஊரைவிட்டுத் தலைநகருக்குக் குடிபோகவில்லை. அவரது ஓவியங்களின் முகங்களும் உடைகளும் அங்கோனோவின் தெருக்களிலிருந்து வந்தவை.

அவர் தூரிகை எடுத்த காலத்தில் பிலிப்பைன்ஸ் ஓவியம் என்றாலே ஃபெர்னாண்டோ அமோர்சோலோதான். வெயிலில் மின்னும் வயல்கள், புன்னகைக்கும் பெண்கள் என்று அந்த ஓவியங்கள் நாட்டையே மயக்கி வைத்திருந்தன. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய விக்டோரியோ எடாடெஸ் 1928-இல் மணிலாவில் வைத்த கண்காட்சி அந்த மயக்கத்தைக் கலைத்தது. கறுத்த, உழைத்துக் களைத்த உடல்களைப் பார்த்து ரசிகர்கள் அதிர்ந்தார்கள். எடாடெஸ், கலோ ஒகாம்போ, போட்டோங் மூவரும் சேர்ந்து 1930-களில் மணிலாவின் கேபிடல் திரையரங்குக்காக ஒரு சுவரோவியம் தீட்டினார்கள். நவீன ஓவியத்தின் மும்மூர்த்திகள் என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது.

போட்டோங்கின் பெரிய படைப்புகள் பல, சுவர்ப் பூச்சின் மேல் நேரடியாகத் தீட்டப்பட்டவை அல்ல. கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்து சுவரில் பொருத்தப்பட்டவை. அவற்றுக்கு முன்னோடியாகச் சிறு தாள்களில் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் முன்வரைவுகள் போட்டார். ஒரு சாண் அகலத் தாளில் இருப்பதைப் பல மீட்டர் நீளத்துக்குப் பெருக்கும்போது நுணுக்கமான நிழல்கள் எடுபடாமல் போகும். தெளிவான வெளிக்கோடு மட்டும் எந்த அளவிலும் தாங்கும். போட்டோங்கின் பலம் அந்தக் கோடுதான். ஓர் ஆளின் முதுகு வளைவு அடுத்தவர் கையாக நீள்கிறது. அது தீச்சுவாலையாகவோ மேகமாகவோ மாறி அடுத்த காட்சிக்குள் நுழைகிறது. சட்டமோ தடுப்போ இல்லாமல் ஒரு நூற்றாண்டிலிருந்து மறு நூற்றாண்டுக்குக் கண் தானாக நகர்கிறது.

1957-இல் வரைந்த ‘மக்புபுகோட்’ ஓவியத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மீனவர்கள் கூடி வலை இழுக்கிறார்கள். உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து வளைகின்றன. வெற்றிடம் என்று சொல்ல இடமே இல்லை. தூரம், ஆழம் என்ற மேற்கத்தியக் கணக்கை ஓரம் தள்ளிவிட்டு, அடர்ந்த வண்ணங்களைத் தட்டையாகப் பரப்பியிருக்கிறார். நவம்பர் 23 அன்று அங்கோனோவில் புனித கிளமெந்து திருவிழா நடக்கும். ராட்சத பொம்மைகள் தெருவில் ஆடிவர, சுரூபம் ஏரியில் படகேறிப் பவனி போகும். இதே நெரிசலும் நிறமும் அந்தத் திருவிழாவிலும் உண்டு. நாட்டார் சாயலை நகரத்து ஓவியர்கள் பலரும் இரவல் வாங்கினார்கள். இவருக்கு அது வாழ்ந்த வாழ்க்கை.

திரைப்படத்துக்கும் அவர் உழைத்தார். இயக்குநர் மனுவேல் கோண்டேயின் ‘ஜெங்கிஸ் கான்’ படத்துக்கு அரங்கமைப்பும் உடையமைப்பும் அவருடையவை. 1952-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அந்தப் படம் திரையிடப்பட்டது. கூட்டத்தை நிறுத்துவது, ஆடையாலேயே காலத்தைக் காட்டுவது போன்ற பயிற்சி சுவரோவியங்களுக்கும் கைகொடுத்திருக்க வேண்டும். ஓவியத்துக்கும் திரைக்கும் அப்பால், 1965-இல் சாரணச் சிறுவர்களோடு மலைப்பக்கம் போனபோது, பாறையில் செதுக்கிய பழங்கால உருவங்களைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவரும் இவரே. பிலிப்பைன்ஸில் அறியப்பட்ட மிகப் பழைய கலைப்படைப்பு அது.

1953-இல் பிலிப்பைன்ஸ் பொது மருத்துவமனைக்காக நாட்டின் மருத்துவ வரலாற்றை நான்கு பலகங்களில் தீட்டினார். பழங்குடிப் பூசாரியின் வைத்தியத்தில் தொடங்கி நவீன சிகிச்சையில் முடியும் அந்தத் தொடரில், பூசாரிக்கும் டாக்டருக்கும் ஒரே மரியாதை. அதே ஆண்டின் சர்வதேசக் கண்காட்சிக்காக வரைந்த மாபெரும் வரலாற்று ஓவியம் இன்று இல்லை. 1960-களில் மேயர் அந்தோனியோ வில்லேகாஸ் கேட்டுக்கொண்டதால், மணிலா நகரமன்றத்துக்காக நாட்டின் போராட்ட வரலாற்றை வரைந்தார். தொண்டோவின் ராஜாக்கள், சீனக் கடற்கொள்ளையன் லிமஹோங்கின் படையெடுப்பு, எழுதும் ரிசால், புரட்சிக்கு அழைக்கும் போனிஃபாசியோ எல்லாரும் அதில் ஒரே ஆற்றோட்டமாக வருகிறார்கள். பிலிப்பைன்ஸ் மக்கள் தங்கள் வரலாற்றை மனக்கண்ணில் காணும் விதத்தையே இந்த ஓவியம் வகுத்துத் தந்தது என்றால் மிகையில்லை.

1973-இல், இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, தேசியக் கலைஞர் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. மருத்துவமனைப் பலகங்களும் நகரமன்ற ஓவியமும் தேசியப் பண்பாட்டுச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டு, மணிலாவின் தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.