கையேட்டுச் சூத்திரம் யாருக்குக் கட்டுப்பட்டது? போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணத்தை முன்வைத்து

திறமூலத் தரவுத்தளக் கையேட்டில் ஒரு சூத்திரத்தைத் திருத்துவது அச்சுப்பிழை பார்ப்பது போன்ற சில்லறை வேலை என்ற எண்ணம் பரவலாக உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் கையேடு அதை மறுக்கிறது.

தரவுத்தளம் படிக்கும் மாணவர் ஒருவர் 2^3^3 என்பதைக் கணித வழக்கப்படி வலப்புறமிருந்து அடுக்கி 13,42,17,728 என்பார். போஸ்ட்கிரெஸ் இடப்புறமிருந்து போய் 512 என்கிறது. -2^2 என்று கேட்டாலும் விடை 4, கணிதம் சொல்லும் -4 அல்ல. கணிதப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கையேட்டைத் திருத்தப் புகுந்தால், சரியாக இருந்தது பிழையாகும். கையேட்டுச் சூத்திரம் மூலநிரலுக்கே கட்டுப்பட்டது என்பதே என் வாதம்.

மூலநிரலோ மாறிக்கொண்டே இருக்கிறது. சர்வருக்குத் தேவையான செமஃபோர் (செயல்முறைகளை ஒருங்கிணைக்கும் கெர்னல் குறி) தொகுதிகளைக் கணக்கிடும் சூத்திரம் இதற்கு நல்ல சான்று. 18ஆம் பதிப்புக்கு முன், இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை, தானியங்கி வேக்யூம் (துப்புரவு) பணியாளர்கள், வால் (WAL) அனுப்பிகள், பின்னணிப் பணியாளர்கள் ஆகியவற்றைக் கூட்டி, துணைச் செயல்முறைகளுக்காக ஒரு தனி எண்ணையும் சேர்த்து, 16ஆல் வகுத்து, மேல்நோக்கி முழுமையாக்க வேண்டியிருந்தது. இயல்பு மதிப்புகளோடு அந்தத் தனி எண் 5 என்றால் 100 + 3 + 10 + 8 + 5 = 126; எனவே 8 தொகுதிகள். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் 5 மட்டும் வகுபட்டு 122 தொகுதிகள் வரும். இந்தப் பிழை உடனே கண்ணில் படும், விபரீதமும் இல்லை.

தனி எண் பழையதாகிப்போவதுதான் ஆபத்தாக இருந்தது. புதிய துணைச் செயல்முறை சேரும்போது நிரலை எழுதியவர் கையேட்டைத் தொட மறந்துவிடுவார். கூட்டுத்தொகை 126 ஆனாலும் 128 ஆனாலும் விடை 8தான். முழுமையாக்கல் பிழையை மறைத்துவிடுகிறது. 129ஐத் தொட்டதும் ஒன்பதாவது தொகுதி வேண்டும். கெர்னல் வரம்பை எட்டில் நிறுத்தியிருந்தால் சர்வர் கிளம்பாது. அப்போது திரையில் வரும் செய்தி, சாதனத்தில் இடமில்லை என்பது! வட்டில் இடம் தாராளமாக இருக்கும். நிர்வாகி கோப்புகளை அழித்துக்கொண்டிருப்பார்.

10ஆம் பதிப்பு முதல் லினக்ஸில் போசிக்ஸ் செமஃபோரே இயல்பு; அதற்கு இந்தக் கணக்கு தேவையில்லை என்பதால் இந்த வரியைச் சோதித்தவர்கள் சிலராகவே இருக்கக்கூடும். பிழை திரும்பத் திரும்ப நுழைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

2025 செப்டம்பரில் வந்த 18ஆம் பதிப்பு, தேவையான செமஃபோர்களைச் சர்வரே கணக்கிட்டுச் சொல்லும் ஓர் அளவுருவைக் கொண்டுவந்தது. நீண்ட கூட்டல் கையேட்டைவிட்டுப் போயிற்று. வகுப்பது மட்டும் எஞ்சியது. கற்போருக்கு இது இழப்பு என்பார்கள். எண் எங்கிருந்து வருகிறது என்பது கையேட்டில் தெரியாமல் போவது உண்மைதான். ஆனால் அதை அறிய விரும்புபவர் மூலநிரலைத் திறக்கலாம், அது எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. நள்ளிரவில் சர்வரை எழுப்ப முயலும் நிர்வாகிக்கு வேண்டியது சரியான எண்.

எல்லாச் சூத்திரங்களையும் இப்படி நீக்கிவிட முடியாது. அதே 18ஆம் பதிப்பில் எத்தனை வரிசைகள் மாறியதும் தானியங்கி வேக்யூம் தொடங்கும் என்ற வரம்புக்கு இயல்பு உச்சமாக 10 கோடி வைக்கப்பட்டது. 100 கோடி வரிசைகள் உள்ள அட்டவணைக்கு 50 + 0.2 × வரிசைகள் என்ற பழைய கணக்கு 20,00,00,050 தரும். இப்போது இரண்டில் சிறியதே செல்லும். இங்கே நிரல் மாறியபோது கையேட்டின் சூத்திரமும் கூடவே மாறியது.